வளவுக்குள் இன்னொரு வீடு: ஒரே கட்டடம், நான்கு வரிகள்

இங்கிலாந்தில் வீட்டு வளவில் நிற்கும் பழைய லாயத்தையோ பட்டறையையோ களஞ்சியத்தையோ ஆள் குடியிருக்கும் வீடாக மாற்றக் உள்ளூராட்சியான கவுன்சிலிடம் பிளானிங் பெர்மிஷன் (கட்டட அனுமதி) கேட்டால், அனுமதிக் கடிதத்தோடு நிபந்தனைகள் சிலவும் வரும். செங்கல் எந்த நிறம், ஜன்னல் எந்தப் பக்கம், எத்தனை ஆண்டுக்குள் வேலை தொடங்க வேண்டும் என்பவற்றுக்கு நடுவே பெரும்பாலும் இப்படியும் ஒரு நிபந்தனை இருக்கும்: இந்தக் கட்டடத்தைப் பிரதான வீட்டுக்குத் துணையாக மட்டுமே பயன்படுத்த வேண்டும்; தனியே விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது.

"நமக்கென்ன, அம்மா அப்பா இருக்கத்தானே கட்டுகிறோம்" என்று பலர் இதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு விடுகிறார்கள். ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் இல்ஃபோர்டிலும் வயதான பெற்றோரைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள நினைக்கும் தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். ஆனால் அந்த ஒரு நிபந்தனை ஆயிரக்கணக்கான பவுண்டை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளக்கூடியது. எந்தப் பக்கம் என்பது எந்த வரியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது.

குழப்பத்தின் வேர் இங்கேதான். இது தனி வீடா, பெரிய வீட்டின் ஒரு பகுதியா என்று எல்லா வரிகளும் கேட்கின்றன. ஆனால் விடையை ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் தேடுகிறது. வாட் வரி பிளானிங் கடிதத்தைப் பார்க்கும். வீட்டுக்கு ஆண்டுதோறும் கவுன்சில் வாங்கும் கவுன்சில் டாக்ஸ், சுவரையும் சமையலறையையும் பார்க்கும். மூலதன ஆதாய வரி, குடும்பம் அந்த இடத்தில் எப்படி வாழ்ந்தது என்று பார்க்கும். வீடு வாங்கும்போது கட்டும் ஸ்டாம்ப் டியூட்டி, வாங்கிய விலையில் எத்தனை பங்கு அந்தச் சின்ன வீட்டுக்கு உரியது என்று பார்க்கும். அதனால் ஒரே கட்டடம் ஒரே நாளில் ஒரு வரிக்குத் தனி வீடாகவும் இன்னொரு வரிக்கு வெறும் கூடுதல் அறைகளாகவும் இருக்கலாம். இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் வாட் விதி இதேதான் என்றாலும், வீடு வாங்கும்போது கட்டும் வரியும் கவுன்சில் டாக்ஸும் அங்கே வேறு.

பெரிய தொகை இருப்பது வாட் வரியில். வீட்டில் சாதாரணமாக எந்தக் கட்டட வேலை செய்தாலும் பில்டர் 20 சதவீதம் போடுவார். ஆனால் இதுவரை யாரும் குடியிருக்காத கட்டடத்தை வீடாக மாற்றினால், பில்டர் தன் கூலிக்கும் தான் கொண்டுவந்து பொருத்தும் பொருளுக்கும் 5 சதவீதம் போட்டால் போதும். அதற்கு மேல், நாமும் நம் குடும்பமும் குடியிருக்கக் கட்டுகிறோம் என்றால், சுயமாகக் கட்டுவோருக்கான திட்டத்தில் அந்த 5 சதவீதத்தையும், நாமே கடையில் வாங்கிய பொருட்களுக்குக் கொடுத்த 20 சதவீதத்தையும் வரித் துறையான எச்.எம்.ஆர்.சி.யிடமிருந்து திரும்ப வாங்கலாம். வாடகைக்கு விடவோ விற்கவோ கட்டினால் இந்தத் திட்டம் கிடையாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாட் இல்லாமல் வேலை 60,000 பவுண்ட் என்று வையுங்கள். 20 சதவீதம் என்றால் 72,000. 5 சதவீதம் என்றால் 63,000. அந்த 3,000-மும் திரும்பி வந்தால் 60,000. ஒரே கட்டடம், ஒரே வேலை, இரண்டு முனைக்கும் இடையே 12,000 பவுண்ட் வித்தியாசம்.

இந்தச் சலுகைக்கு 1994-ஆம் ஆண்டின் வாட் சட்டம் நான்கு விஷயங்களைக் கேட்கிறது. உள்ளே சமைக்க, குளிக்க, தூங்க எல்லா வசதியும் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்குள் நேரே போகும் கதவு இருக்கக் கூடாது. பிளானிங் அனுமதி இருக்க வேண்டும், அதன்படியே கட்டியிருக்க வேண்டும். நான்காவது: தனியே பயன்படுத்துவதையோ தனியே விற்பதையோ அனுமதிக் கடிதமோ பத்திரத்தில் உள்ள நிபந்தனையோ தடை செய்திருக்கக் கூடாது. பல விண்ணப்பங்கள் விழுவது இந்த நான்காவதில்தான். "துணையாக மட்டுமே" என்ற அந்த நிபந்தனை இருந்தால் கட்டடம் எவ்வளவு தனித்து நின்றாலும், அதற்குத் தனி வாசலும் தனி மின்மீட்டரும் இருந்தாலும், வாட் கண்ணுக்கு அது தனி வீடு இல்லை.

தனியே விற்கத்தானே தடை, தனியே குடியிருக்கத் தடை இல்லையே என்று வாதாடிப் பார்த்தவர்கள் உண்டு. பயன்பாடு, விற்பனை என்ற இரண்டில் எந்த ஒன்றுக்குத் தடை இருந்தாலும் சலுகை போய்விடும் என்பதுதான் சட்டத்தின் நிலை. பிரதான வீட்டுக்குத் துணையாகவே பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையே தனிப் பயன்பாட்டுக்குத் தடைதான் என்று மேல் தீர்ப்பாயம் 2009-இல் சொல்லிவிட்டது. ஆனால் யார் குடியிருக்கலாம் என்று மட்டும் சொல்லும் நிபந்தனை வேறு. விவசாய வேலை செய்பவர் மட்டுமே குடியிருக்கலாம் என்று ஒரு கிராமத்துக் கவுன்சில் எழுதினால், அது குடியிருப்பவரைத்தான் கட்டுப்படுத்துகிறது. வீட்டை இன்னொரு வீட்டோடு கட்டிப் போடவில்லை. அதற்குச் சலுகை கிடைக்கும்.

கராஜை மாற்ற நினைப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நகரத்து வீடுகளில் பலருக்கும் இருப்பது களஞ்சியம் இல்லை, கராஜ்தான். ஒரு வீட்டோடு சேர்ந்து பயன்பட்ட கராஜைக் குடியிருப்பு அல்லாத கட்டடமாகக் கொள்ளக் கூடாது என்று சட்டத்திலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. குடியிருப்பு அல்லாத கட்டடத்தை மாற்றினால்தான் திரும்பப் பெறும் திட்டம். ஆகவே பிளானிங் கடிதம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கராஜுக்கு அந்தக் கதவு மூடியே இருக்கும். இதைத் தெரியாமல் ரசீதுகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து வைப்பது வீண் வேலை.

ரசீது என்றதும் இன்னொன்று. பில்டர் 5 சதவீதம் போட வேண்டிய இடத்தில் 20 போட்டுவிட்டால், அதை எச்.எம்.ஆர்.சி. திருப்பித் தராது. சரியாக எவ்வளவு போட்டிருக்க வேண்டுமோ அதைத்தான் தரும். மீதியை பில்டரிடம்தான் கேட்க வேண்டும், அவரோ அதற்குள் அடுத்த வேலைக்குப் போயிருப்பார். சின்ன பில்டர்கள் பலருக்கு 20 சதவீதம் மட்டுமே பழக்கம். அதனால் எஸ்டிமேட் வாங்கும்போதே பிளானிங் கடிதத்தின் நகலைக் கொடுத்து, எந்த விகிதம் போடப் போகிறார் என்று எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. ஆர்க்கிடெக்ட் கட்டணம், சாரம் வாடகை, குப்பைத் தொட்டி வாடகை, கார்பெட், தனியாக நிற்கும் குளிர்சாதனப் பெட்டி எதற்கும் வாட் திரும்பி வராது. விண்ணப்பம் ஒரே ஒரு தடவைதான் போடலாம். முன்பு வேலை முடிந்து மூன்று மாதத்துக்குள் போட வேண்டியிருந்தது. 2023 டிசம்பர் 5 முதல் ஆறு மாதம் ஆக்கியிருக்கிறார்கள்.

வாட்டில் எனக்கு மனம் ஒப்பாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய கட்டடத்தைத் தரைமட்டமாக இடித்துவிட்டு அதே இடத்தில் புதிதாக ஒரு தனி வீடு கட்டினால் பில்டர் வாட்டே போட வேண்டியதில்லை, பூஜ்யம். நூறு வருடச் செங்கல் லாயத்தைக் கவனமாகக் காப்பாற்றி வீடாக்குபவருக்கு 5 சதவீதம். துணைக் கட்டடம் என்ற நிபந்தனை இருந்தால் 20. நல்ல சுவர்களை லாரியில் ஏற்றிக் குப்பைக்கு அனுப்புபவருக்கு அரசே தள்ளுபடி தருவது போல ஆகிறது. கட்டடக் கலைஞர்கள் இதைப் பல ஆண்டுகளாக எதிர்த்துப் பேசி வருகிறார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

சரி, கவுன்சில் டாக்ஸுக்கு வருவோம். இங்கே பிளானிங் கடிதம் அடிபட்டுப் போகிறது. 1992-ஆம் ஆண்டு விதிப்படி, ஒரே சொத்துக்குள் தனித்தனியே குடியிருக்கும்படி கட்டிய அல்லது மாற்றியமைத்த பகுதிகள் ஒன்றுக்கு மேல் இருந்தால், ஒவ்வொன்றும் தனி வீடு. மதிப்பிட வருபவர் கேட்பது கட்டடம் எப்படி அமைந்திருக்கிறது என்பதைத்தான். சமைக்க இடம் இருக்கிறதா, குளியலறை இருக்கிறதா, படுக்க அறை இருக்கிறதா? இருந்தால் அதற்குத் தனி பேண்ட், அதாவது தனி வரிப் படி. அங்கே இப்போது பாட்டி இருக்கிறாரா, பழைய பெட்டிகள் இருக்கின்றனவா என்பது இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. தனியே விற்கக் கூடாது என்று கவுன்சிலின் ஒரு பிரிவு எழுதிக் கொடுத்த அதே கட்டடத்துக்குக் கவுன்சிலின் இன்னொரு பிரிவு தனி பில் அனுப்பும். பார்க்க முரணாகத் தெரியும், ஆனால் இரண்டும் சட்டப்படி சரி.

நல்ல வேளையாக இங்கே விலக்குகள் தாராளம். அந்தச் சின்ன வீட்டில் இருப்பவர் பிரதான வீட்டுக்காரரின் உறவினராக இருந்து, வயது 65-ஐ எட்டியிருந்தாலோ கடும் ஊனமோ மனநலக் குறைபாடோ இருந்தாலோ அதற்குக் கவுன்சில் டாக்ஸே கிடையாது. டபிள்யூ வகுப்பு விலக்கு என்று கேட்க வேண்டும். வேறு உறவினர் இருந்தாலோ, பிரதான வீட்டில் இருப்பவர்களே அதைப் பயன்படுத்தினாலோ 2014 ஏப்ரலிலிருந்து பாதிதான் கட்ட வேண்டும். யாரும் இல்லாமல் சும்மா கிடக்கிறதா? பிளானிங் நிபந்தனையால் தனியே வாடகைக்கு விட முடியாது என்றால் டி (T) வகுப்பில் முழு விலக்கு. வாட்டில் நம்மைக் கவிழ்த்த நிபந்தனை இங்கே கைகொடுக்கிறது. இந்த விலக்குகளைக் கவுன்சில் தானாகத் தேடி வந்து கொடுக்காது. பெற்றோர் குடிவந்த பிறகும் இரண்டு பில் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் ஒரு விண்ணப்பம் போட்டாலே போதும்.

கவுன்சில் டாக்ஸ் கட்டுவதால் கட்டடம் சட்டபூர்வமாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை நம் ஆட்கள் நடுவே உலவுகிறது. அது தப்பு. லண்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் தோட்டக் கொட்டகைகளில் ஆட்களைக் குடிவைத்து வாடகை வாங்கும் பழக்கம் பெருகியபோது, ஸ்லவ் கவுன்சில் 2013-இல் வெப்பத்தைப் படம்பிடிக்கும் கேமராவோடு விமானம் பறக்கவிட்டுக் கொட்டகைகளைத் தேடியது. அனுமதியில்லாத தனி வீட்டை நான்கு வருடம் ஓட்டிவிட்டால் நடவடிக்கை எடுக்க முடியாது என்றிருந்த விதியும் 2024 ஏப்ரல் 25 முதல் மாறி, இப்போது பத்து வருடம். மறைத்து வைத்துக் காலம் கடத்துவதும் உதவாது. ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் வைக்கோல் களஞ்சியத்துக்கென்று 2001-இல் அனுமதி வாங்கி, வெளியே களஞ்சியமாகவும் உள்ளே மூன்று படுக்கையறை வீடாகவும் கட்டிக் குடியிருந்தவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. திட்டமிட்டு ஏமாற்றியவர் காலக்கெடுவின் பின்னால் ஒளிய முடியாது என்று 2011-இல் தீர்ப்பு வந்தது.

மூலதன ஆதாய வரி உடனே கடிக்காது. வீட்டை விற்கும் நாளில்தான் கடிக்கும், அதனாலேயே பலரும் அதை மறந்துவிடுகிறார்கள். நாம் குடியிருந்த வீட்டை விற்றால் லாபத்துக்கு வரி இல்லை. கூடவே அரை ஹெக்டேர் வரை தோட்டத்துக்கும் இல்லை. கேள்வி, வளவில் நிற்கும் இரண்டாவது கட்டடமும் நம் வீட்டில் சேருமா என்பது. 1981-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், வில்ட்ஷயரில் ஒரு வீட்டின் வளவில் காவலாளி தம்பதிக்காகக் கட்டிய சிறு வீடு. நடுவே ஒரு டென்னிஸ் மைதானத்து அகலம். அது பிரதான வீட்டின் பகுதியே என்று தீர்ப்பாகி வரிவிலக்குக் கிடைத்தது. 1992-இல் அதே நீதிமன்றத்தில் கென்ட் பகுதி வழக்கு ஒன்று. தோட்டக்காரரின் குடில், பெரிய வீட்டிலிருந்து சுமார் 175 மீட்டர் தள்ளி. அவ்வளவு தூரத்தில் இருப்பது வீட்டின் வளவுக்குள் வராது என்று விலக்கு மறுக்கப்பட்டது.

ஆகப் பக்கத்தில் இருந்து, பெரிய வீட்டின் வாழ்க்கைக்குத் துணையாக இருந்தால் விலக்குக்கு வாய்ப்பு நல்லது. இந்த இடத்திலும் "துணையாக மட்டுமே" என்ற பிளானிங் நிபந்தனை நம் கட்சிக்குச் சாட்சி சொல்லும். வாட்டைத் திரும்ப வாங்குவதற்காக, இது எல்லா வகையிலும் தனி வீடு என்று எச்.எம்.ஆர்.சி.க்கு எழுதிக் கொடுத்துவிட்டு, விற்கும்போது இது என் வீட்டின் ஒரு பகுதி என்று அதே எச்.எம்.ஆர்.சி.யிடம் போய் நிற்பது சங்கடம். இரண்டு வரியின் சோதனையும் வேறு என்பதால் முடியவே முடியாது என்றில்லை, ஆனால் பதில் தயாராக இருக்க வேண்டும். பெற்றோருக்கு வாடகையில்லாமல் கொடுத்திருந்தோம் என்பது மட்டும் போதாது. சார்ந்திருக்கும் உறவினரைக் குடிவைத்த வீட்டுக்கு முன்பு தனி விலக்கு இருந்தது உண்மை. 1988 ஏப்ரல் 5-ஓடு அது முடிந்துவிட்டது, அதற்குமுன் குடிவந்தவர்கள் விஷயத்தில் மட்டும்தான் அது செல்லும்.

வாடகைக்கு விட்டிருந்தால் அந்தப் பகுதியின் லாபத்துக்கு வரி வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைய விகிதம் வருமானத்தைப் பொறுத்து 18 அல்லது 24 சதவீதம். விற்று லாபம் பார்க்கவே மாற்றிக் கட்டினால், அந்தச் செலவால் கூடிய மதிப்புக்கு விலக்கு இல்லை என்று சட்டம் தனியாகச் சொல்கிறது. பிள்ளைக்கு எழுதிக் கொடுத்தாலும் தப்ப முடியாது. காசு கைமாறாவிட்டாலும் சந்தை விலைக்கு விற்றதாகவே கணக்கு. விற்கும் வரிசையும் முக்கியம். பெரிய வீட்டை முதலில் விற்றுவிட்டு, தோட்டத்துத் துண்டைப் பிறகு விற்றவருக்கு 1976-இல் நீதிமன்றம் விலக்குத் தர மறுத்தது. விற்ற நாளில் அது அவர் குடியிருந்த வீட்டின் தோட்டமாக இல்லை என்பது காரணம். இரண்டையும் சேர்த்து விற்க வேண்டும், இல்லையென்றால் சின்னதை முதலில் விற்க வேண்டும்.

வாடகை வருமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுக்குள் ஓர் அறையை விட்டு ஆண்டுக்கு 7,500 பவுண்ட் வரை வரியில்லாமல் வாங்கும் திட்டம் நம் வீட்டின் பகுதிக்குத்தான். தனி வாசல், தனிச் சமையலறை என்று முழுதாகப் பிரிந்த வீட்டுக்கு அது பொருந்தாது. அதற்கு 1,000 பவுண்ட் சாதாரண சலுகைதான்.

இப்படி ஏற்கெனவே மாற்றிய வீட்டை வாங்கப் போகிறவர்களுக்கு ஸ்டாம்ப் டியூட்டி. முன்பு ஒரே பத்திரத்தில் இரண்டு வீடு வாங்கினால் வரி குறையும் சலுகை இருந்தது. அதற்காகவே இது இரண்டாவது வீடு என்று நிரூபிக்கப் பலர் தீர்ப்பாயம் ஏறினார்கள். 2021-இல் மேல் தீர்ப்பாயம் பார்த்த ஒரு வழக்கில் பெரிய வீட்டையும் அனெக்ஸையும் (துணை வீடு) இணைக்கும் நடையில் கதவு இல்லாததே பெரிய குறையாகிப் போனது. அந்தச் சலுகை 2024 ஜூன் 1 முதல் இல்லை. இப்போது கவலை எதிர்ப்பக்கம்: இரண்டு வீடு வாங்குவதாகக் கணக்கானால் 2024 அக்டோபர் 31 முதல் முழு விலைக்கும் 5 சதவீதம் கூடுதல். வளவுக்குள் இருக்கும் சின்ன வீட்டுக்கு இதில் விலக்கு உண்டு, ஆனால் விலையில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு பெரிய வீட்டுக்கு உரியதாக இருக்க வேண்டும். 9,00,000 பவுண்ட் கொடுத்து வாங்கினால் பெரிய வீடு மட்டும் 6,00,000-ஆவது பெற வேண்டும். அதற்குக் கீழே போனால் 45,000 பவுண்ட் கூடுதல் வரி. லாயத்தை ஆடம்பரமாக மாற்றிய பழைய பண்ணை வீடுகளில் இந்தக் கோடு நினைப்பதைவிடப் பக்கத்தில் இருக்கும். மதிப்பீட்டாளரிடம் இரண்டுக்கும் தனித்தனி மதிப்பு எழுதி வாங்காமல் பத்திரத்துக்குப் போக வேண்டாம்.

இவையெல்லாம் போக, சில கவுன்சில்கள் புதிய வீட்டுக்குச் சி.ஐ.எல். என்ற கட்டணமும் (ஊர்ப் பொது வசதிகளுக்கான தொகை) கேட்கும். சொந்தக் குடும்பத்துக்குக் கட்டுபவருக்கு விலக்கு உண்டு. ஆனால் வேலை தொடங்குமுன் படிவம் கொடுத்து விலக்கை வாங்கியிருக்க வேண்டும். மூன்று ஆண்டுக்குள் அனெக்ஸை வாடகைக்கு விட்டாலோ தனியே விற்றாலோ விலக்கு பறிபோகும்.

அப்படியானால் "துணையாக மட்டுமே" என்பதை ஏற்பதா, தனி வீடென்று அனுமதி கேட்பதா? என் கருத்து இது. மாற்றுவது கராஜ் என்றாலோ, செலவு சின்னது என்றாலோ, எப்போதும் குடும்பம்தான் இருக்கப் போகிறது என்றாலோ துணைக் கட்டடமாகவே கேளுங்கள். அனுமதி சுலபம், விற்கும் நாளிலும் நிம்மதி. பெரிய செலவில் ஒரு களஞ்சியத்தையோ பட்டறையையோ மாற்றுகிறீர்கள், பிற்காலத்தில் பிள்ளைக்குப் பிரித்துக் கொடுக்கும் எண்ணமும் இருக்கிறது என்றால், தனி வீடென்றே விண்ணப்பம் போடுங்கள். கவுன்சில் தனி வாகன நிறுத்தம், தனித் தோட்டம் எல்லாம் கேட்கும், மறுக்கவும் கூடும், ஆனால் அந்த முயற்சிக்கு மதிப்பு உண்டு. நிபந்தனையோடு கடிதம் வந்துவிட்டாலும் நகர்த் திட்டச் சட்டத்தின் 73-ஆம் பிரிவில் அதை நீக்கவோ மாற்றவோ விண்ணப்பிக்கலாம். அதைச் செய்ய வேண்டிய நேரம் பில்டருக்கு முதல் பணம் கொடுப்பதற்கு முன்.